தராசு இன்ஸ்பெக்டரின் டைமிங் லைட்

பெட்ரோல் பங்கில் அவருடைய வெள்ளை அம்பாசிடர் நுழைந்தால் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்குவார். ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தை எடுத்துவரச் சொல்வார். வாடிக்கையாளர் கேட்டால் அதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். சட்டம் எல்லோருக்கும் தெரியும். கேட்கிற ஆள் மதுரையில் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடித்து, குனிந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்த பிறகுதான் டாங்கில் ஊற்றச் சொல்வார். பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர்கள் ஹாரனை விடாமல் அமுக்குவார்கள். அவருக்குக் கோபம் வராது. "நம்பலைன்னு இல்ல தம்பி. பார்த்துட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்பார்.

இந்த வாக்கியத்தை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வரும். நம்பாதவன் முகத்துக்கு நேராக நம்பவில்லை என்று சொல்லிவிட்டால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். இவர் சிரித்துக்கொண்டே, தோளில் கை போட்டுக்கொண்டே நம்பாமல் இருப்பார். அதை என்ன செய்வது?

தராசுகளுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை போடுகிற இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோச்சடையில் வீடு. சொந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. நிலபுலன் உள்ள குடும்பம். எனக்கும் அதே பக்கம்தான், ஆனால் ஊரின் மறுகோடி. எங்கள் ஆட்கள் அவர்கள் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர்கள். நான் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, ஆனையூரில் பழைய பெட்ரோல் கார்களுக்கென்று ஒரு பட்டறை போட்டேன். அவர் என் வாடிக்கையாளர் ஆனார்.

ஊருக்குப் போயிருந்தபோது இவரைப் பற்றி அப்பாவிடம் குறைபட்டுக்கொண்டேன். யார், எந்த வீடு என்று விசாரித்துவிட்டு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஆளாடா? களத்துல கூலி அளக்குற படிய வாங்கி அடிய தடவிப் பார்த்தாரு பாரு, உள்வாக்குல தட்டி வச்சிருந்தாய்ங்க. சொந்தப் பெரியப்பன் படியவே பிடிச்சுக்கிட்டுப் போனாருடா. அந்த வருசந்தான் நமக்கு நெசமான கூலி வந்துச்சு" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்ததா, இன்னும் எரிச்சலாக இருந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஒருத்தரைக் குறை சொல்லவும் வழியில்லாமல் போவது பெரிய தொல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டுக்கு வேலையாகப் போனால் கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். எனக்கென்று தனி டம்ளர் கிடையாது. அவர் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளர்தான். எங்கள் ஊர்ப்பக்கத்து நிலக்காரர்கள் வீடுகளில் அப்படி நான் பார்த்த முதல் வீடு அது.

பட்டறையில் அவர் வண்டி நின்றால் அன்று மற்ற வேலை நடக்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கைக்கு நேராக உட்காருவார். புது பிளக் போட்டால் அதன் இடைவெளியைத் தானே தகடு விட்டு அளப்பார். ஆயில் மாற்றினால் அளவுக் குச்சியை இரண்டு தடவை உருவிப் பார்ப்பார். சக்கர நட்டுகளை நான் முறுக்கிய பிறகு ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுப்பார், அடுத்த மாதம் அசைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கழற்றிய பழைய சாமான்களைத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். மூச்சு விடுவதற்குக்கூட அளவு வைத்திருப்பார் என்று டீக்கடையில் கிண்டல் செய்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் காதில் விழுந்தாலும் அவரும் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள் பார்க்காமல் நம்பினார்.

அன்று காலை வண்டியின் கிராங்க் புல்லி ஆட்டம் காண்கிறதென்று என்னிடம் விட்டுப் போயிருந்தார். எஞ்சினின் முன்பக்கம் பெல்ட்டைச் சுற்றுகிற சக்கரம் அது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஷாஃப்டோடு பூட்டுகிற காடிப் பள்ளம் தேய்ந்து வாய் பிளந்து கிடந்தது. மதுரையில் புதிது இல்லை. கோயம்புத்தூரில் சொல்லி வரவழைத்தால் இரண்டு நாள் ஆகும். சரி, இரண்டு நாள் கிடக்கட்டும் என்று இருந்தபோது மத்தியானம் போன் வந்தது. அவருடைய மாமனார் ஊரில் இறந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள், வண்டி வேண்டும்.

பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். வேறு ஏதோ எஞ்சினில் இருந்த புல்லி ஒன்று அச்சாக அதே அளவில் கிடைத்தது. காடி மட்டும் பொருந்தவில்லை. லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதுக் காடி வெட்டச் சொன்னேன். எந்த இடத்தில் வெட்டட்டும் என்று லேத்துக்காரர் கேட்டார். "எங்க வேணும்னாலும் வெட்டுங்கண்ணே, ஓடுனாப் போதும்" என்றேன்.

இந்தப் பதிலை அன்று மதுரையில் எந்த மெக்கானிக்கும் சொல்லியிருப்பான். ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் விளக்கிவிடுகிறேன். புல்லியின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். மார்க் என்போம். அதற்கு எதிரே எஞ்சினின் அடிப்பக்கம் சின்ன முள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினுக்குள் தீப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்பதை அந்த மார்க்கையும் முள்ளையும் பொருத்தி வைக்கச் சொல்வது கம்பெனிப் புத்தகம். காடியை இடம் மாற்றி வெட்டினால் சக்கரம் திரும்பி உட்காரும், மார்க் சொல்வது முழுப் பொய்யாகிவிடும். நாங்கள் யாரும் அந்த மார்க்கைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டெல்கோவைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, சரியான இடத்தில் இறுக்கிவிடுவோம். எனக்கு அதில் கொஞ்சம் பெயரும் உண்டு. பார்க்காத மார்க் எங்கே இருந்தால் என்ன?

மூன்று மணிக்கு வந்தார். வெளியே ஆட்டோவில் அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புல்லி ஒரிஜினல்தானா தம்பி?"

"ஒரிஜினல்தான் சார்."

வேறு நாளாக இருந்தால் புல்லி வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டிருப்பார். அன்று ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொன்னாச் சரி" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

இரும்புக்கடைச் சாமான் என்று சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி வந்திருக்கும், அந்த அம்மா தன் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்திருக்க மாட்டார், இரக்கத்தில் சொன்ன பொய் இது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, இந்த ஆளை ஒரு தடவையாவது பார்க்காமல் நம்பவைத்துவிட்டோம் என்கிற அற்பச் சந்தோஷம். அன்று சாயங்காலம் நான் விசிலடித்துக்கொண்டே பட்டறையைக் கூட்டினேன்.

வண்டி நன்றாக ஓடியது. காதால்தானே டைமிங் வைத்திருந்தேன். அந்தப் புல்லியை நானே மறந்து போனேன்.

மூன்று வருடம் கழித்து அவருக்கு வலது காது அடைத்துப்போனது. இடது காதிலும் பாதிதான் கேட்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை ஓட்டும்போது எஞ்சின் எப்படி இருக்கிறது என்றே தெரியவில்லை, பஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்டுவதுபோல இருக்கிறது என்று என்னிடம் வருத்தப்பட்டார். பிறகு தானே தேறிக்கொண்டு, "காது போச்சு தம்பி. கண்ணு இருக்குல்ல" என்றார். டைமிங் லைட் வாங்கப் போவதாகவும் நான்தான் கூட வந்து பார்த்து எடுத்துத் தர வேண்டும் என்றும் சொன்னார்.

டைமிங் லைட் என்பது துப்பாக்கி மாதிரி பிடியுள்ள ஒரு விளக்கு. முதல் பிளக்குக்குப் போகிற ஒயரில் அதன் கிளிப்பை மாட்டிவிட்டால் ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒரு தடவை மின்னும். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், சுற்றிக்கொண்டிருக்கிற புல்லியின் மார்க் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். முள்ளுக்கு நேரே நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். அவருக்கென்றே கண்டுபிடித்த சாமான்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டூல்ஸ் கடை. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விலை மலிந்த சிவப்பு வெளிச்சக்காரன் வேண்டாம், மதுரை வெயிலில் அதைப் பார்க்க மேலே போர்வை போர்த்த வேண்டும். இரும்பு உடம்புள்ளதும் வேண்டாம், ஒயரில் பட்டால் கையை உதறவைத்துவிடும். முதுகில் திருகு வைத்து டிகிரி காட்டுகிற மாடல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கெட்டுப்போக ஒரு உறுப்பு கூடுதல். பிளாஸ்டிக் உடம்பு, வெள்ளை வெளிச்சம், ஒயர்மேல் கவ்வுகிற கிளிப், இவ்வளவு போதும். அவர் எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கடைக்காரரிடம், அந்த வகையில் மூன்று லைட்டை எடுத்து மூன்றையும் தன் வண்டியில் மாட்டிக் காட்டச் சொன்னார். ஒன்று மட்டும் பார்த்தால் அது சரியா தப்பா என்று எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

சந்தில் வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்திவிட்டு, கடை அட்டைப்பெட்டிகளைத் தரையில் விரித்து, பம்பருக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டார், அறுபத்துமூன்று வயதில். மூன்று லைட்டையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். அப்புறம் அடியில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

நானும் பக்கத்தில் போய்ப் படுத்தேன். வெளிச்சத்தில் புல்லி அசையாமல் நின்றது. மார்க் முள்ளிலிருந்து அரை விரல்கடை தள்ளி நின்றது.

"இம்புட்டுத் தள்ளி நிக்குது பாரு. மூணு லைட்டும் ஒண்ணு போலச் சொல்லுது தம்பி. பொய்யா இருந்தா ஒண்ணாவது மாத்திச் சொல்லியிருக்கும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த லேத்துப் பட்டறை ஞாபகம் வந்தது. இரண்டு தலையும் ஒரு சாண் இடைவெளியில் கிடந்தன. சொல்லியிருக்கலாம். அதைவிடத் தோதான இடம் உலகத்தில் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட வேண்டாம். நான் "ஞாயித்துக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவாங்க சார், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சட்டையைத் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் பட்டறையில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஆறேழு பேர் கூடுவார்கள். டீ குடிப்பார்கள், ஒருவர் வண்டியை ஒருவர் குறை சொல்வார்கள், போவார்கள். அன்றும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். முந்தின மாதம்தான் தன் மண்டபத்தில் ஒரு பாத்திரம் காணாமல் போனதைப் பற்றிச் சொல்லும்போது, வேலைக்கு வந்த எங்கள் தெருப்பக்கத்து ஆட்களைக் காட்டி, "அவய்ங்க புத்தியே அப்படித்தான்" என்று சொல்லி, பிறகு நான் நிற்பதைப் பார்த்து, "உன்னையச் சொல்லல மாப்ள" என்று சேர்த்துக்கொண்டவர். பாத்திரம் மறுநாள் மண்டபத்துப் பரணிலேயே கிடைத்தது. அதை யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

தராசு இன்ஸ்பெக்டர் புது லைட்டோடும் ஜெராக்ஸ் எடுத்த கம்பெனிப் புத்தகத்தோடும் வந்தார். தன் வண்டியைத் தொடுவதற்கு முன் மற்றவர்கள் வண்டியைப் பார்க்கிறேன் என்றார். நாலு வண்டி பார்த்தார். நாலும் நான் காதால் டைமிங் வைத்தவை. நாலிலும் மார்க் முள்ளுக்கு நேராக நின்றது. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இவன் காதும் இந்த லைட்டும் ஒன்று என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் அவருக்கு மகனாக இருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

பிறகு தன் வண்டியை வைத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே என் அருகில் வந்தார்.

"எல்லார் வண்டியும் சரியா வச்சிருக்கே. என் வண்டி மட்டும் ஏன் தம்பி?"

குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே யோசித்தார். வாழ்க்கை முழுக்கப் பொய் அளவுகளைப் பிடித்த ஆள் அல்லவா, நேரே அந்த இடத்துக்கே வந்துவிட்டார்.

"புல்லியில ஏதும் இருக்குமோ? நடுவுல மாத்துனோமே" என்றார். அப்புறம் தானே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல, அது ஒரிஜினல். நீதான் சொன்னியே."

ஒரு சொல் போதும். ஆமாம் சார், அது பழைய புல்லி, மார்க் பொய், டைமிங் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மண்டபக்காரர் டீ கிளாஸை வாயருகே வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் அது என்னோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கே போகும், அப்பாவுக்குப் போகும், எங்கேயோ மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் சேர்த்துப் போகும். அந்த மண்டபக்காரர் மனதில் இருந்த வாக்கியத்துக்கு நானே முத்திரை குத்திக்கொடுத்த மாதிரி ஆகும். இது சாக்கு என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அன்று என் நாக்கைப் பிடித்தது அதுதான்.

"கவனிக்காம விட்டுட்டேன் சார்" என்றேன்.

புல்லியின் மார்க்கை முள்ளுக்கு நேரே கொண்டுவர வேண்டுமென்றால் டெல்கோவைத் திருப்ப வேண்டும். சரியாக இருக்கிற டைமிங்கைத் தப்பாக்க வேண்டும். அதை என் கையாலேயே செய்தேன். அவர் கீழே படுத்துக்கொண்டு லைட்டை அடித்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லச் சொல்லத் திருப்பினேன். வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போனோம். வேகம் கூட்டும்போது எஞ்சினுக்குள் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. தீ சீக்கிரமாகப் பிடித்துப் பிஸ்டனை அடிக்கிற சத்தம். அவருக்கு அது கேட்கவில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வோமா சார் என்று கேட்டுப்பார்த்தேன். லைட் சரியென்று சொல்கிறதே தம்பி என்றார். மெதுவாகவே ஓட்டுங்கள் என்றேன். கோழைகள் இப்படித்தான் பாதி உண்மையைச் சொல்லி மனச்சாட்சிக்குக் கஞ்சி ஊற்றுவார்கள்.

உண்மையைச் சொல்ல எனக்குப் பதினொரு நாள் இருந்தது. தினமும் காலையில் இன்று சொல்லிவிடுகிறேன் என்று நினைப்பேன். ஒரு தடவை போன்கூடச் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், மனைவியோடு ஒரு காதுகுத்துக்குப் போகும் வழியில், செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி ரோட்டில் வண்டி புகையைக் கக்கி நின்றது. சித்திரை வெயில். நிழலுக்கு ஒரு மரம் இல்லாத இடம். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் ரோட்டில் நின்றுவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு மயக்கம் வந்து பஸ்ஸில் இடம் கொடுத்து உட்காரவைத்தார்களாம். எனக்குப் போன் செய்தபோது அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. வண்டி இன்ன இடத்தில் நிற்கிறது, எடுத்துவந்துவிடு என்று மட்டும் சொன்னார்.

அவர் முன்னால்தான் எஞ்சினைப் பிரித்தேன். மூன்றாவது பிஸ்டனின் தலையில் ஓட்டை. அதைக் கையில் வாங்கி, சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார்.  என் மேல் பாய்வார், இப்போதாவது எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

"நீ காதால வச்சது சரியாத்தான் இருந்திருக்கு தம்பி. நான்தான் அளக்கிறேன்னு வந்து கெடுத்துட்டேன். என் கண்ணே என்னைய ஏமாத்திருச்சு" என்றார்.

அதோடு விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆனையூர் வந்து, அதே ஆட்கள் முன்னால் அதையே சொன்னார். படுத்துக்கொண்டு பார்த்ததில் உரிய முள்ளை விட்டுப் பக்கத்து முள்ளைப் பார்த்துவிட்டிருப்பேன், வயதாகிவிட்டது, தம்பி தடுத்தான், நான் கேட்கவில்லை என்றார். மண்டபக்காரர் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். லைட்டையே தோற்கடித்த காது என்று அன்றைக்கு எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தைக் கேள்விப்பட்டுத் தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வண்டிகள் வந்தன. இன்றும் வருகின்றன.

எஞ்சினைப் புதிதாக்கிக் கொடுத்தேன். கோயம்புத்தூரிலிருந்து நிஜமான புல்லியை வரவழைத்துப் போட்டேன். பழையதைத் தெருவில் வந்த இரும்புக்காரன் வண்டியில் நானே தூக்கிப் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே கையைக் கழுவிக்கொண்டேன். வண்டியை எடுக்க வந்தவர் ஸ்டூலில் உட்காரவில்லை, எதையும் திறந்து பார்க்கவில்லை. பிறகு பங்கில் வேலை பார்க்கிற ஒருவரைப் பார்த்தபோது, உங்க இன்ஸ்பெக்டர் இப்பல்லாம் மீட்டரைக்கூடப் பார்ப்பதில்லை அண்ணே என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கோ, ஒரு மனுஷனிடமிருந்து கண்ணைப் பிடுங்கிக்கொண்டேன் என்றுதான் தோன்றியது.

வண்டியை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் கோச்சடைக்குப் போனேன். கூடத்தில் உட்காரவைத்தார். அவருடைய இடது பக்கம், நன்றாகக் கேட்கிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். மாமனார் இறந்த நாள், இரும்புக்கடை, லேத்து, எங்க வேணும்னாலும் வெட்டுங்க என்று சொன்னது, அன்று பம்பருக்கு அடியில் படுத்தபோதே எனக்குத் தெரிந்தது, எல்லாம். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்தது, பொய் சொன்னது நான் போட்ட புல்லி, வண்டியை விற்க வேண்டாம் என்றேன்.

முழுக்கக் கேட்டார்.  முடித்ததும் கையை நீட்டினார்.

"அந்தப் புல்லிய எங்க வச்சிருக்கே? காட்டு, பார்ப்போம்."

"இல்ல சார். இரும்புக்குப் போட்டுட்டேன்."

"லேத்துக்காரர்?"

அவர் அதற்கு முந்தின வருடம் இறந்திருந்தார். அதைச் சொன்னேன். வண்டியில் லைட்டை அடித்துப் பாருங்கள், இப்போது மார்க் முள்ளுக்கு நேரே நிற்கும் என்றேன். இப்போது நீ வைத்தது சரியாக இருப்பது, அப்போது தப்பாக இருந்ததற்குச் சாட்சி ஆகுமா என்று கேட்டார். இலாகாவில் எத்தனை பேரை இப்படி மடக்கியிருப்பார்.  சத்தியம் செய்யக்கூடத் தோன்றவில்லை. பார்க்காமல் நம்புங்கள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை கேட்பது?

அவர் சிரித்தார். என் தோளில் கை வைத்தார்.

"நான் கெடுத்த வண்டிக்கு நீ எதுக்கு தம்பி பழி ஏத்துக்கிறே? எனக்கு மனசு ஆறணும்னு சொல்றே. தெரியுது" என்றார். உள்ளே திரும்பி மனைவியிடம் காப்பி கொண்டுவரச் சொன்னார். அந்த அம்மா டம்ளரைக் கொடுக்கும்போது, நீ நல்லா இருக்கணும்ப்பா என்றார். வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வாரம் வண்டியைத் தேனிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் ஊருக்குத் திரும்பும் வழியில் என் பட்டறையில் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டுப் போக வேண்டுமென்று வந்ததாகச் சொன்னார். எஞ்சினை ஒரு தடவை ஆளை வைத்துச் சோதித்துக்கொள்ளட்டுமா என்று தான் கேட்டதற்கு, தராசு இன்ஸ்பெக்டர் என் பெயரைச் சொல்லி, அவன் கை வைத்த வண்டி, பார்க்க வேண்டியதே இல்லை என்றாராம்.